எதுக்குத் தம்பி கத்தி?

திண்டுக்கல் என்று சொன்னதும் தமிழ்நாடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒன்று, பிரியாணிக் கட்சி. சீரகச் சம்பா வாசனையை நினைத்த மாத்திரத்தில் பெல்ட்டை ஒரு துளை தளர்த்துகிறவர்கள். இன்னொன்று, பூட்டுக் கட்சி. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்கள்.

மூன்றாவதாக ஒரு கட்சி சமீபத்தில் முளைத்திருக்கிறது. கத்திக் கட்சி!

பதற வேண்டாம். ரவுடிகள் இல்லை. கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டர் முன்னால் முதுகு வளைந்து, சனிக்கிழமை காலையில் மட்டும் காட்டு மனிதனாக மாறத் துடிக்கும் சாதுக்கள். ஒரே ஒரு கத்தியை வைத்துக்கொண்டு சுள்ளி சீவுவது, கூடாரத்துக்கு முளை செதுக்குவது, தீ மூட்டுவது, கரண்டி கடைவது... இதற்கு இங்கிலீஷில் ‘புஷ்கிராஃப்ட்’ என்று பெயர். நம் ஊர் ஆடு மேய்க்கும் தாத்தா இதையெல்லாம் தினமும் செய்கிறார். அவருக்குப் பெயர்தான் தெரியாது.

இந்தக் கட்சிக்குக் கொடி மாதிரி ஒரு கத்தி உண்டு. இங்கிலாந்தில் ரே மியர்ஸ் என்று ஒருவர், டி.வி.யில் காட்டு வாழ்க்கை சொல்லிக்கொடுத்துப் பிரபலமானவர். அவர் யோசித்த வடிவத்தை ஆலன் வுட் என்ற கைவினைஞர் செய்தார். ‘உட்லோர்’ என்று பெயர். அலகு நாலேகால் அங்குலம், தடிமன் 4 மில்லிமீட்டர். பார்க்க நம் சமையல்கட்டுக் கத்தியின் பணக்காரச் சித்தப்பா போல இருக்கும். விலை நூற்றுக்கணக்கான பவுண்டு. நம் ரூபாயில் மாற்றிப் பார்த்தால், கத்தி தேவையில்லை, கணக்கே நெஞ்சைக் கீறிவிடும்.

எங்கள் ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் பார்க்கும் தம்பி ஒருவன், இந்தக் கட்சியின் தீவிரத் தொண்டன். உட்லோர் மாதிரியே ஒரு கத்தியின் படத்தைக் கலரில் பிரின்ட் எடுத்து, நாலாக மடித்துப் பர்ஸில் வைத்திருந்தான். (கல்யாணம் ஆகாத பையன். அந்த இடத்தில் வேறு படம் இருக்க வேண்டிய வயசு.)

“அண்ணே, வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுத்துச் செய்றதை நாம திண்டுக்கல்லுல செய்ய முடியாதா? இரும்புக்குப் பேர் போன ஊராச்சே!”

நியாயமான கேள்வி. ஒரு சனிக்கிழமை மதுரையில் பஸ் ஏறினோம்.

பாறையும் பூட்டும்

திண்டுக்கல்லுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. பாறை தெரிந்தால் ஊர் வந்துவிட்டது. திண்டு மாதிரி கிடக்கும் கல். அதனால்தான் திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். மேலே கோட்டை. 1605-ல் மதுரை நாயக்கர் முத்து கிருஷ்ணப்பர் காலத்தில் எழும்பியது. 1755-ல் ஹைதர் அலி வந்து உட்கார்ந்தார். பிறகு அவர் மகன் திப்பு. 1790-ல் வெள்ளைக்காரன் கைக்குப் போயிற்று. பீரங்கியும் வாளும் நடமாடிய இடத்தில் இன்று தொல்லியல் துறை டிக்கெட் கொடுக்கிறது. வழுக்குப் பாறையில் படி ஏறினால் மூச்சு வாங்கும். மேலே நின்று பார்த்தால் ஊரின் ஜாதகமே கீழே விரிந்து கிடக்கும்.

ஒரு பக்கம் சிறுமலை. தூரத்தில் மேற்கே கொடைக்கானல் மலைகளின் நீலம். நடுவில் வறண்ட சமவெளி. தென்னை கொஞ்சம், முருங்கை கொஞ்சம், மீதியெல்லாம் முள். வடக்கு தெற்காக ஓடும் 44-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை, கிழக்கு மேற்காகத் திருச்சியையும் பழனியையும் சேர்க்கும் சாலை. லாரிகள் ஓய்வதே இல்லை. இந்த லாரிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கத்திக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

கீழே இறங்கி நாகல்நகர் பக்கம் போனால் பூட்டு. வீட்டோடு ஒட்டிய சின்னச் சின்னப் பட்டறைகள். ‘கிர்ர்... கிர்ர்...’ என்று அரம் ராவும் சத்தம். மாங்காய்ப் பூட்டு, அலமாரிப் பூட்டு, கதவுப் பூட்டு என்று பல வகை. உள்ளே இருக்கும் லீவர்களின் எண்ணிக்கையில்தான் பூட்டின் கெத்து. ஒவ்வொரு லீவரும் சரியான உயரத்துக்கு எழும்பினால்தான் பூட்டு வாயைத் திறக்கும். கையால் ராவிச் செய்வதால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பது இவர்கள் பெருமை. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டம் வந்த நேரத்தில் பட்டறைகள் குறைந்துபோயிருந்தன என்பதுதான் சோகம். அலிகாரிலிருந்து மெஷினில் செய்த பூட்டு, பாதி விலையில், பளபளவென்று வந்து கடையில் தொங்குகிறது.

அப்படி ஒரு பட்டறையில் படத்தை நீட்டினான் தம்பி. பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இது நம்ம வேலை இல்லப்பா. நாங்க ராவுற ஆளுங்க. இதுக்கு அடிக்கிற ஆளு வேணும். உலை வச்சிருக்கிற கொல்லுப் பட்டறைக்குப் போங்க.”

இரும்பு என்றால் எல்லாம் ஒரே தொழில் என்று நாம் நினைக்கிறோம். பல் டாக்டரிடம் போய்ப் பிரசவம் பார்க்கச் சொல்கிற மாதிரிதான் அது.

காடு என்றால் என்ன?

ஊரை விட்டு வடமதுரை ரோட்டில் போனால், சாலையோரம் ஒரு கொல்லுப் பட்டறை. தகரக் கூரை. அந்தக் காலத்துத் துருத்தி போய், கரண்டில் ஓடும் காற்றாடி வந்திருக்கிறது. மற்றதெல்லாம் அப்படியே. உலை, கரி, பட்டடை, சம்மட்டி, குறடு, ஒரு தொட்டித் தண்ணீர். ஓரமாகச் செய்து அடுக்கியவை: மண்வெட்டி, கொத்து, களைக்கொட்டு, கதிர் அறுக்கும் அரிவாள், வெட்டரிவாள், இளநீர் சீவுகிற அரிவாள். பக்கத்தில் மலை மாதிரி லாரிப் பட்டைகள். லாரி அச்சுக்கு மேலே அடுக்கடுக்காக இருக்குமே, அந்த வளைந்த ஸ்பிரிங் பட்டை.

ஆசாரி அண்ணனுக்கு ஐம்பது வயசு இருக்கும். படத்தை வாங்கி, தூரமாக வைத்து ஒருதரம், கிட்டத்தில் வைத்து ஒருதரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

“எதுக்குத் தம்பி கத்தி?”

“காட்டுக்குண்ணே!”

“எத்தனை ஏக்கர்?”

தம்பி விழித்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பக்கம் ‘காடு’ என்றால் புலி, கரடி இருக்கும் இடம் இல்லை. மானாவாரி நிலத்துக்குப் பெயர் காடு. “காட்டுக்குப் போயிருக்காரு” என்றால் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், தம்பிக்கு நிஜமாகவே காடு இருந்தது! வடமதுரைக்கு அந்தப் பக்கம் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர். வேலி ஓரம் சீமைக்கருவேல், நாலைந்து தென்னை, முருங்கை வரிசை. மாதம் இரண்டு முறை போய் வருகிறவன். வேலை தெரிந்த பையன்தான்.

ஆசாரி அடுத்தடுத்துக் கேட்டார். முள் வெட்டணுமா? எந்தத் தடிப்பு? இளநீர் சீவணுமா? விறகு பிளக்கணுமா? குச்சி சீவணுமா? இடது கையா, வலது கையா? நம்ம உயரம் எவ்வளவு, கையை நீட்டச் சொல்லி உள்ளங்கை அகலம் எவ்வளவு... தையல்காரர் அளவெடுக்கிற மாதிரி எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளிநாட்டில் ‘கஸ்டம்’ என்று சொல்லிக் காசு கறக்கிற சமாசாரம் இங்கே சாதாரண வழக்கம். நம் கொல்லுப் பட்டறைகளில் எல்லாமே ஆர்டர் மால்தான். குள்ளமான அத்தைக்குக் குட்டைக் காம்பு வைத்த களைக்கொட்டு, இடது கைக்காரருக்கு எதிர்ப்பக்கம் பல் வெட்டிய அரிவாள் என்று தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். அதற்குத் தனி ரேட் கிடையாது.

எது காசு, எது கூலி?

“இந்தப் படத்துல இருக்கிற மாதிரியே செய்யலாம். ஆனா காசு ஆகும்” என்றார்.

“இரும்பு விலைங்களா?”

“இரும்பு என்ன இரும்பு? பழைய பட்டை, எடைக்கு வாங்குறது. கூலிதான்!”

விளக்கினார். லாரிப் பட்டை தடியானது. அதை 4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், காய்ச்சிக் காய்ச்சி அடிக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் கோடு பிசகாமல் சமச்சரிவாக ராவ வேண்டும். பளபளப்பு ஏற்ற வேண்டும். கை பழகாத வடிவம் என்பதால் அளந்து அளந்து பார்க்க வேண்டும். அரை நாள் வேலை மூன்று நாள் வேலையாகிவிடும். அந்த மூன்று நாளில் எத்தனை மண்வெட்டி அடிக்கலாம்? அதுதான் கத்தியின் விலை.

குறைந்த காசில் நல்ல கத்தி வேண்டும் என்கிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆசாரியின் கைக்குப் பழகிய வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் உங்களுக்கு வேண்டியபடி ஒன்றே ஒன்றை மாற்றச் சொல்லுங்கள். நீளமோ, மூக்கு வளைவோ, பிடியோ... ஏதாவது ஒன்று. அவர் தினமும் அடிக்கிற பொருளில் அவர் அனுபவம் முழுக்க இலவசமாகக் கிடைக்கும். அவர் பார்த்தே இராத பொருளை அடிக்கச் சொன்னால், அவர் கற்றுக்கொள்வதற்கும் சேர்த்து நீங்கள்தான் ஃபீஸ் கட்ட வேண்டும்.

கடைசியில் முடிவானது இது. எட்டு அங்குல அலகில் குட்டையான வெட்டரிவாள் ஒன்று. மூக்கில் லேசான வளைவு. முள் கிளையை இழுத்து வெட்ட அந்த வளைவுதான் உதவும், கை முள்ளுக்குள் போக வேண்டாம். மிச்சமாகும் துண்டில் நாலு அங்குலத்துக்குச் சின்னக் கத்தி ஒன்று. குச்சி சீவ, கயிறு அறுக்க, மாங்காய் நறுக்க. “பெரிய வேலைக்குச் சின்னக் கத்தியை அடிச்சா உடையும். சின்ன வேலைக்குப் பெரிய கத்தியைப் பிடிச்சா விரல் போகும்” என்றார். வெளிநாட்டுப் புஷ்கிராஃப்ட்காரர்களும் சின்னக் கத்தியோடு ஒரு கைக்கோடாலியைச் சேர்த்துக்கொள்வது இதே கணக்கில்தான்.

ஃபாரடேயும் நம்ம உருக்கும்

கத்திக்கு எந்த இரும்பு? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கட்டடத்துக்குப் போடுகிற கம்பியில் கரிச்சத்து, அதாவது கார்பன், 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்காது. அதை எத்தனை காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் கத்திக்கு வேண்டிய விறைப்பு வராது. பார்க்கக் கத்தி மாதிரி இருக்கும், வெட்டினால் மடங்கும். ஸ்பிரிங் பட்டையில் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம். விறைக்கும், அதே சமயம் அடி தாங்கும். பேரிங்கில் ஒரு சதவீதம் அளவுக்கு உண்டு. கூர் பிரமாதமாக நிற்கும், ஆனால் பதம் தவறினால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். வெட்டுகிற அரிவாளுக்கு ஸ்பிரிங் பட்டைதான் சரி. லாரிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

பழைய பட்டையில் ஒரு ஆபத்தும் உண்டு. வருஷக் கணக்கில் பாரம் சுமந்ததில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம். அனுபவமுள்ள ஆசாரி தட்டிப் பார்த்துச் சத்தத்திலேயே ஒதுக்கிவிடுவார். எங்கள் கண் முன்னாலேயே இரண்டு துண்டை ‘இது பேசல’ என்று தள்ளிவிட்டு, மூன்றாவதை எடுத்தார்.

இரும்பில் இந்தக் கரி விஷயத்தை நம் ஆட்கள் ஆதியிலேயே பிடித்துவிட்டார்கள். ஈரோடு பக்கம் நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளே கிடைத்தன. மூசைக்குள் இரும்பையும் கரிச்சத்துள்ள பொருளையும் போட்டு உருக்கிய தென்னாட்டு உருக்கு, ‘வூட்ஸ்’ என்ற பெயரில் உலகம் சுற்றியது. அதன் ரகசியம் என்ன என்று லண்டனில் மண்டையை உடைத்துக்கொண்டவர் யார் தெரியுமா? மைக்கேல் ஃபாரடே! மின்சாரத்துக்குப் பெயர் வாங்கும் முன்பு, 1819 முதல் சில ஆண்டுகள் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்கிறவரோடு சேர்ந்து வூட்ஸை ஆராய்ந்தார். ஃபாரடேயின் அப்பா யார்? ஒரு கொல்லர்.

இதைச் சொன்னதும் ஆசாரி கொஞ்ச நேரம் சம்மட்டியை நிறுத்தினார். “அப்போ பையன் அப்பா தொழிலை விடலைன்னு சொல்லுங்க!” என்றார். அவருடைய பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம்.

தண்ணீரில் ஒரு நொடி

அடிப்பது சத்தமான வேலை. தோய்ச்சல் போடுவது மௌனமான வேலை. கத்தியின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது.

மாலை ஐந்தரைக்குத் தோய்ச்சல் வைத்தார். வெயில் தாழ்ந்த பிறகுதான் நெருப்பின் நிறம் சரியாகத் தெரியுமாம். அலகு பழுத்த ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. இரும்பு 770 டிகிரி சென்டிகிரேடில் காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். அதற்குக் கொஞ்சம் மேலே போனதும் முக்க வேண்டும். ஆசாரியிடம் தெர்மாமீட்டரும் இல்லை, காந்தமும் இல்லை. கண்தான்.

வாய்ப் பக்கத்தை மட்டும் தண்ணீரில் ‘சுர்ர்’ரென்று முக்கினார். முதுகு சிவந்தே இருந்தது. வெளியே எடுத்து, வாயை ஒரு கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு, உற்றுப் பார்த்தார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெதுவாக வாய்க்கு இறங்கியது. வெள்ளையாக இருந்த இடத்தில் வைக்கோல் மஞ்சள் ஓடியது. அது பழுப்பாயிற்று. ஊதா எட்டிப் பார்த்தது. சட்டென்று முழுசாக அமுக்கிவிட்டார்.

“மஞ்சள்ல நிறுத்துனா செதிலு விழும். நீலத்துல நிறுத்துனா மழுங்கும். முள்ளு வெட்டுறதுக்கு நடுவுல நிக்கணும்.”

உலோகப் பாடப் புத்தகத்தில் இருப்பதும் இதேதான். மஞ்சள் சுமார் 220 டிகிரி, பழுப்பு 250-க்குப் பக்கம், நீலம் 300-க்குப் பக்கம். வாய் விறைப்பு, முதுகு மெதுப்பு. அதனால்தான் நல்ல அரிவாள் கல்லில் பட்டாலும் இரண்டாக ஒடிவதில்லை.

வாங்குகிறவர் இதைச் சோதிக்க முடியுமா? முடியும். நல்ல அரம் ஒன்றை வாயின் மேல் லேசாக ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் விறைப்பு இருக்கிறது. வெண்ணெயில் போகிற மாதிரி கடித்தால் தோய்ச்சல் ஏறவில்லை. அடுத்து, கூர் வாயை ஒரு பித்தளைக் கம்பி மேல் வைத்து மெல்ல அழுத்துங்கள். லேசாக வளைந்து, எடுத்ததும் நேரானால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மெது. பொடிந்தால் அதிக விறைப்பு. ஆசாரி முன்னாலேயே செய்யலாம். நல்ல ஆசாரி கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் நீங்கள் அடுத்த பட்டறைக்கு நடக்கலாம்.

பிடிக்கு இரண்டு வழி. வால் மாதிரி நீளும் இரும்பைக் காய்ச்சி மரக் காம்புக்குள் இறக்கிப் பூண் போடுவது ஒன்று. மலிவு, காம்பு போனால் மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று, அலகின் இரும்பே பிடியின் கடைசி வரை ஓடி, இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து ஆணி அறைவது. விறகில் வைத்துக் கட்டையால் தட்டிப் பிளக்கிறவர்களுக்கு இது உறுதி. தம்பி கேட்ட ஒரே மாற்றம் இதுதான். கருவேல மரத்துண்டு வைத்தார். பெரியதுக்கு 900 ரூபாய், சின்னதுக்கு 250. மொத்தம் 1,150. இது எங்கள் பேரம், ஊருக்கு ஊர் மாறும். தம்பி ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கேட்கவில்லை. நாள் முழுக்க வியர்வையைப் பார்த்துவிட்டு எப்படிக் கேட்பது?

நோட்டில் ஒரு கையெழுத்து

பணம் கொடுத்ததும் ஆசாரி ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினார். பெயர், ஊர், போன் நம்பர், எதற்கு வாங்குகிறீர்கள்?

2021 செப்டம்பரில் தமிழ்நாடு முழுக்க ரவுடிகளைத் தேடிப் போலீஸ் பெரிய வேட்டை நடத்தியது. அப்போது டி.ஜி.பி.யாக இருந்தவர் சைலேந்திர பாபு. அந்தச் சமயத்தில் பட்டறைக்காரர்களுக்கு ஒரு கட்டளை வந்தது. விவசாயத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் மட்டுமே கத்தி, அரிவாள் விற்க வேண்டும், வாங்குகிறவர் விவரமும் காரணமும் எழுதி வைக்க வேண்டும் என்று. எழுதுவது தொந்தரவாக இல்லையா என்று கேட்டேன்.

“நான் அடிச்ச அரிவா எங்க போகுதுன்னு எனக்குத் தெரிய வேணாமா சார்? பேப்பர்ல படம் போடுறப்பல்லாம் பிடியைத்தான் பார்ப்பேன். நம்ம பிடியா இருந்துரக் கூடாதேன்னு.”

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் முதலியவற்றுக்காகச் செய்தவை அதில் சேராது. அதற்காக, தோட்டத்து அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தால் போலீஸ்காரர் ‘எந்த ஊர்ப்பா?’ என்று தோளில் கை போடத்தான் செய்வார். ஆசாரி சாக்குத் துணியில் சுற்றி, சணல் போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைக்கவே கூடாது.

இன்னொன்று. ‘சிறுமலைக்குப் போய்ச் சோதிச்சுப் பார்ப்போமாண்ணே?’ என்றான் தம்பி. 18 கொண்டை ஊசி வளைவு ஏறினால் குளுகுளு மலை, மலைவாழை, பலா. ஆசைதான். ஆனால் அங்கே பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே போவதும், ஒரு கிளையை வெட்டுவதும், தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்ததை யாரும் மறக்க முடியாது. வெளிநாட்டு வீடியோவில் வருகிற ஆள், அவர் ஊர்ச் சட்டப்படி, அவர் ஊர் ஈரத்தில் தீ மூட்டுகிறார். நம் கோடைக்கு அது ஒத்துவராது. கத்தியை நீட்டி மலைக்குப் போகிற ஆசை உள்ளவர்கள், வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியோடு, கத்தி இல்லாமல் போய் வாருங்கள். மலை இன்னும் அழகாக இருக்கும்.

கத்திக்கு வேலை சமவெளியில்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தம்பியின் அப்பா காட்டில், அதாவது திண்டுக்கல் பாஷைக் காட்டில், சீமைக்கருவேல் வேலியில் இறங்கினோம். வளைந்த மூக்கு கிளையை இழுத்து, ஒரே வெட்டு. மணிக்கட்டு தடிப்புக் கிளைக்கு மூன்று வெட்டு. ஒரு மணி நேரம் வெட்டியும் வாயில் செதில் இல்லை. சின்னக் கத்தியால் தம்பி ஒரு குச்சியைச் சீவி, சுருள் சுருளாகப் பூ மாதிரி விரித்துக் காட்டினான். புஷ்கிராஃப்டில் இதற்கு ‘ஃபெதர் ஸ்டிக்’ என்று பெயராம். ஈரமான நாளில் தீப்பிடிக்க உதவும். அவன் அப்பா வாங்கிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. அப்படியே அந்த ரெண்டு இளநியையும் சீவுப்பா” என்றார்.

அந்தக் கத்திகளுக்கு இனி தம்பி செய்ய வேண்டியது அதிகமில்லை. இது எவர்சில்வர் இல்லை, துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். மழுங்கினால் தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் தேய்த்தால் போதும். தீப்பொறி பறக்கும் மெஷினில் கொடுத்தால் சூடேறி, ஆசாரி கண்ணால் நிறுத்திய அந்தப் பழுப்பு நிறப் பதம் ஒரே நிமிஷத்தில் ஓடிப்போகும்.

உங்களுக்கும் ஒரு கத்தி வேண்டுமா? திண்டுக்கல்தான் வர வேண்டும் என்பதில்லை. அரிவாளுக்குப் பேர் வாங்கிய திருப்பாச்சேத்தி மானாமதுரைப் பக்கம் இருக்கிறது. அதுவும் தூரம் என்றால், உங்கள் ஊர்ச் சந்தை நாளில் விசாரியுங்கள், சுற்றுவட்டாரத்தில் ஒரு உலை இன்னும் எரிந்துகொண்டிருக்கும். படம் எடுத்துப் போக வேண்டாம். வேலையை எடுத்துப் போங்கள். “எதுக்கு?” என்று அவர் கேட்கும்போது, இன்ன மரம், இன்ன தடிப்பு, இன்ன கை என்று பதில் சொல்லத் தெரிந்தால், பாதிக் கத்தி அங்கேயே தயார். பதில் வரவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். அந்த 1,150 ரூபாய்க்குத் திண்டுக்கல்லில் பிரியாணி சாப்பிட்டு, ஒரு மாங்காய்ப் பூட்டும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக ஊர் திரும்பலாம்.